பட்டு செக்‌ஷன்ல ஒரு பெட்டி அதிகம்

மெதுவா அண்ணாச்சி, மெதுவா. முட்டியை மட்டும் கொஞ்சம் அங்கிட்டு ஒதுக்கிக்கிடுங்க. இது கேரம் போர்டு இல்ல. எல்லாரும் அப்பிடித்தான் கேக்காங்க. கடையநல்லூர்ல ஏறின ஒரு அம்மா சாமி படமான்னு கேட்டு, தொட்டுக் கும்பிட்டுட்டு இறங்கிப் போயிட்டாங்க. நானும் ஒண்ணும் சொல்லல. கும்பிட்ட பிறகு என்னத்தைச் சொல்ல.

இது ஃபால்ஸ் சீலிங் பலகை. பெரிய கடைகள்ல அண்ணாந்து பாத்தா வெள்ளை வெள்ளையா கட்டம் கட்டமா இருக்கும்லா, அதுல ஒரு கட்டம். தொட்டா உதிரும், அழுத்தினா ஒடியும். அதான் தென்காசியில இருந்து பிள்ளைத்தாச்சி மாதிரி மடியில வச்சுட்டு வாரேன். நீங்க எது வரைக்கும்? கோவில்பட்டியா? நல்லதாப் போச்சு. நானும் அங்கதான்.

ஒரு ஓட்டையை அடைக்கப் போறேன். போட்டதும் நான்தான்.

பேரு குற்றாலிங்கம். தொழிலு வைஃபை பெட்டி மாட்டுதது. ஆஸ்பத்திரி, காலேஜு, லாட்ஜு, ஜவுளிக்கடைன்னு கூரையில வெள்ளையா, வட்டமா, இட்லிக் கொப்பரை மூடி மாதிரி ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கும், ஓரத்துல ஒரு லைட்டு எரியும். பாத்திருப்பீங்க. ஆக்சஸ் பாயிண்டுன்னு பேரு. நாங்க பெட்டின்னுதான் சொல்லுவோம். மாட்டுததுல ஒண்ணுமே இல்ல அண்ணாச்சி. டிரில்லிங் மிஷினு, நாலு ஸ்க்ரூ, ஏணி ஆடாம இருந்தா சரி. எங்க மாட்டணும்ங்கதுலதான் தொழிலே இருக்கு. கண்ணாடி சிக்னலைத் தின்னும். இரும்பு ரேக்கு தின்னும். லிஃப்டு பக்கம் போனா முழுங்கிரும். ஆளு இருக்காம்லா, ஆளு, அவனும் தின்னுவான். துணி மட்டும்தான் பாவம், ஒண்ணும் செய்யாது.

அப்ப எங்க மாட்டணும்னு எப்பிடிக் கண்டுபிடிப்பீங்கன்னு கேக்கீங்க. கேக்கலியா? சரி, கேட்டதா வச்சுக்கிடுங்க.

முதல்ல ஒரு பெட்டியை ஸ்டாண்டுல நிறுத்தி வச்சுருவோம். என் வீட்டுக்காரி சக்தி, ஆபீஸ் ரூம்ல லேப்டாப்பைத் திறந்து உக்காந்துக்கிடுவா. எனக்கு உதவியாளு, மொதலாளி, எல்லாம் அவதான். லேப்டாப்புல அந்த மாடியோட படம் இருக்கும். நான் காதுல ஒயரை மாட்டிக்கிட்டு, அந்த வைஃபையிலயே அவளுக்கு போனைப் போட்டுட்டு மாடி பூரா நடப்பேன். நடந்துக்கிட்டே பேசுவேன். இப்ப சுடிதார் செக்‌ஷன், இப்ப தூண் பக்கம், இப்ப டிரையல் ரூம் வாசல், கேக்குதா? அவ அங்கன இருந்து 'கேக்குது'ம்பா. கேக்குதா? கேக்குது. என் குரலு எங்க விட்டு விட்டுப் போகுதோ அந்த இடத்துல படத்துல ஒரு சிவப்புப் புள்ளி வைப்பா. மறுநாளு சிவப்புப் புள்ளிக்கு மேல நான் ஓட்டை போட்டு பெட்டியை மாட்டுவேன். மீட்டரு இருக்கு, எல்லாம் இருக்கு. ஆனா சக்தி காதை மிஞ்சின மீட்டரு கிடையாது. அவ புள்ளி வச்சா நான் மறுபேச்சு பேச மாட்டேன். இத்தனை வருசத்துல ஒரு தடவை தப்பினது இல்ல.

இதுல ஒரு சங்கடம் உண்டு. வாயை மூடவே கூடாது. நான் நிறுத்திட்டேன்னா, சிக்னலு செத்துச்சா ஆளு செத்தானான்னு அவளுக்கு எப்பிடித் தெரியும்? மத்த ஆளுக ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணிக்கிட்டே நடப்பாங்க. வீரவநல்லூர்க்காரர் ஒருத்தரு சாமி பேரா சொல்லிக்கிட்டே போவாரு, வேலை முடியும்போது கட்டடமே கோயிலாயிரும். எனக்கு அது ஒத்து வராது. நான் குரலுலா செய்வேன்.

ஆமா, மிமிக்ரி. கோயில் கொடையில ஆர்கெஸ்ட்ரா நடக்கும்போது பாட்டுக்காரங்க சோடா குடிக்கப் போற நேரத்துல ஒருத்தன் மைக்கைப் பிடிப்பாம்லா, அது நான்தான். ரயிலு, சைக்கிள் பம்பு, பல்லுவலிக்கார போலீஸு, சம்பந்தி வீட்டுல கோவிச்சுக்கிட்ட சித்தப்பா. முடிக்கும்போது ஒண்ணு சொல்லுவேன். 'கை தட்டலாம், தப்பில்ல.' அதுக்கே ஒரு தட்டு விழும். சக்தி அந்தக் கூட்டத்துல கடைசி வரிசையில நின்னு சிரிச்சவதான். பிறகு பொண்ணு பாக்கப் போன இடத்துல அவ அப்பா பேசினதை அவருக்கே பேசிக் காட்டினேன். அவரு எந்திரிச்சுப் போயிட்டாரு. இவ காப்பித் தட்டோட நின்னுக்கிட்டு விழுந்து விழுந்து சிரிக்கா. அப்பவே முடிவாயிட்டு.

இதெல்லாம் எதுக்குச் சொல்லுதேன்னா, டெஸ்ட் பண்ணுதப்போ நான் சும்மா பேச மாட்டேன். அந்தக் கட்டடத்துல இருக்கிற ஆளுக மாதிரியே பேசுவேன். ஆஸ்பத்திரின்னா பெரிய டாக்டரு, காலேஜுன்னா பிரின்சிபாலு. சக்திக்கும் அங்கன தூக்கம் வராது, எனக்கும் இங்கன கால் வலிக்காது. யாருக்கு என்ன நட்டம், சொல்லுங்க.

அப்பிடித்தான் கோவில்பட்டியில வடிவழகி சில்க்ஸு. நாலு மாடி. ஆடித் தள்ளுபடிக்கு முன்னால எல்லா கவுண்டர்லயும் கையில பெரிய போன் கணக்கா ஒரு டேபைக் குடுத்து, நின்ன இடத்துலயே பில்லு போடணும்னு மொதலாளிக்கு ஆசை. மேனேஜர் பேரு துரைசிங்கம். அவரு பேச்சுக்குப் பேச்சு 'ரைட்டா' போடுவாரு. "ஆடி வருது, ரைட்டா? கூட்டம் அம்மும், ரைட்டா? எந்த மூலையிலயும் பில்லு நிக்கக் கூடாது, ரைட்டா?" எனக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி இருந்துச்சு. மனுசன் பேசப் பேச உள்ளுக்குள்ள ரெக்கார்டு ஆகிக்கிட்டே இருக்கு.

மறுநாளு காலையில கடை திறந்து கூட்டம் வரும் முன்னாடி நடந்தேன். பட்டு செக்‌ஷன் ரெண்டாவது மாடி. அங்கன வேலை பாக்கிற பிள்ளைக ஒரு இருவது பேரு, சேலையைத் தட்டி அடுக்கிட்டு நிக்காளுக. நான் மேனேஜரை எடுத்து விட்டேன். "சக்தி, இப்ப நான் காஞ்சிபுரம் ரேக்கு, ரைட்டா? இது கண்ணாடி, சிக்னலைத் தின்னும், ரைட்டா? தின்னுட்டு ஜீரணமாகாம ஏப்பம் விடும், ரைட்டா?" அவ்வளவுதான். பிள்ளைக வாயைப் பொத்திக்கிட்டு பின்னாலயே வாராளுக. கூட்டம் சேந்துட்டா எனக்கு என்ன ஆகும்னு எனக்கே தெரியாது அண்ணாச்சி. அது ஒரு நோய். ஒருத்தி சொல்லுதா, "அண்ணே, தங்கபுஷ்பம் அக்கா மாதிரி பேசுங்கண்ணே."

பாத்துக்கிடுங்க. நானாச் செய்யல. அவளுகதான் கேட்டாளுக.

தங்கபுஷ்பம்ங்கது அந்த பட்டு கவுண்டர்ல இருக்கிற பிள்ளை. பிள்ளைன்னா முப்பத்தஞ்சு வயசு இருக்கும். கடையில சேந்த நாள்ல இருந்து பட்டுதான். கல்யாண வீட்டு ஆளுக வாசல்லயே 'புஷ்பம் இருக்காளா'ன்னு கேட்டுட்டுத்தான் படி ஏறுவாங்களாம். பேச்சு மட்டும் கொஞ்சம் திக்கும். திக்கும்னா நல்லாவே திக்கும். காலையில பிளக்பாயிண்டு எங்கம்மா இருக்குன்னு கேட்டேன், சொல்லி முடிக்க அவ பட்ட பாடு. நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். எனக்கு ஒரு தடவை போதும்.

செஞ்சு காட்டட்டுமா?

வேண்டாம். பஸ்ஸுல பொம்பளையாளுக இருக்காக.

செஞ்சேன் அண்ணாச்சி. அவ கவுண்டருக்கு நேரா நின்னு, போன்ல சக்திகிட்ட, அவ பேசுத மாதிரியே. எழுத்து எங்க மாட்டுது, கழுத்து எங்க இழுக்குது, கண்ணு எங்க மூடுது, அத்தனையும். பிள்ளைக சிரிச்ச சிரிப்புல ஒருத்தி கையில இருந்த அட்டைப்பெட்டியே கீழ விழுந்துட்டு. கடைசியில 'கை தட்டலாம், தப்பில்ல'ன்னேன். தட்டினாளுக.

புஷ்பமும் சிரிச்சா. நான் பாத்தேன். ஒரு சேலையை மடிச்சுக்கிட்டு இருந்தா. மடிச்சு முடிச்சு, பிரிச்சு, திருப்பி மடிச்சா. சிரிச்சுக்கிட்டேதான் மடிச்சா. தமாசைத் தமாசா எடுத்துக்கிடுத பிள்ளைன்னு நினைச்சேன்.

வெள்ளரிப்பிஞ்சு வாங்கட்டுமா? வேண்டாமா? சரி.

மறுநாளு சக்தி வரல, அவ அக்கா வீட்டுல ஒரு விசேசம். நான் மட்டும் அவ குடுத்த படத்தை வச்சுக்கிட்டு மாட்டிக்கிட்டே போனேன். லிஃப்டுகிட்ட சிவப்பு, சரி. கண்ணாடிச் சுவருக்கு அந்தப்பக்கம் சிவப்பு, சரி. பட்டு கவுண்டருக்கு மேல ஒரு சிவப்பு. பக்கத்துலயே தூண் மேல ஒரு பெட்டி இருக்கேன்னு ஒரு நிமிசம் யோசிச்சேன். சக்தி காது தப்பாதுன்னு ஓட்டையைப் போட்டு மாட்டிட்டு வந்துட்டேன்.

இப்ப விசயத்துக்கு வாரேன். எனக்கு என்ன அசிங்கம்னு கேட்டீங்கன்னா, அதுதான். தேவையே இல்லாத இடத்துல ஒரு பெட்டி. இத்தனை வருசமா இந்தத் தொழில்ல இருக்கிறவன் செய்யுத காரியமா அது? யாராவது தொழில் தெரிஞ்சவன் அந்தக் கடைக்குச் சேலை எடுக்க வந்து அண்ணாந்து பாத்தாம்னா காறித் துப்புவான். அதான் எனக்கு ராத்திரி தூக்கம் வரமாட்டேங்கு. வேற ஒண்ணும் இல்ல.

ரெண்டு பெட்டி பக்கத்துல பக்கத்துல இருந்தா என்ன ஆகும்னா, ஒரு பஸ்ஸுக்கு ரெண்டு கண்டக்டரு மாதிரி. ஒருத்தன் 'போலாம் ரைட்'டுங்கான், இன்னொருத்தன் 'ஹோல்டேய்'ங்கான். டிரைவர் என்ன செய்வான்? நிப்பான். அதேதான். புஷ்பம் கையில இருக்கிற டேபு இந்தப் பெட்டிக்கிட்டப் போகவா அந்தப் பெட்டிக்கிட்டப் போகவான்னு முழிச்சுக்கிட்டு நின்னுரும். பில்லு வராது. கல்யாண வீட்டு ஆளுக நிப்பாங்க. மத்த கவுண்டர்ல பில்லு பறக்குது, பட்டுல மட்டும் நிக்குது.

மேனேஜர் போனைப் போட்டாரு. போனேன். தனியாத்தான் போனேன். பட்டு கவுண்டர்ல போய் நின்னு அண்ணாந்து பாத்தா எனக்கே சிரிப்பு வந்துட்டு. எந்த மடையன் இங்கன பெட்டி மாட்டுனாம்னு. சக்திக்கு போன் போட்டேன்.

"ஏட்டி, பட்டு கவுண்டருக்கு மேல எதுக்குச் சிவப்பு வச்ச?"

"அங்கன உங்க குரலு விட்டு விட்டு வந்துச்சுங்க. அது வரைக்கும் நல்லாத்தான் கேட்டுச்சு. அந்த இடத்துக்கு வந்ததும் ஒவ்வொரு எழுத்தா மாட்டி மாட்டி நின்னுச்சு. சிரிப்புச் சத்தம் வேற கேட்டுச்சா, என்ன சொல்லுதீகன்னே புரியல. ரொம்ப மோசமான இடம்னு பெரிய புள்ளியா வச்சேன்."

நான் அண்ணாந்து அந்தப் பெட்டியையே பாத்துக்கிட்டு நின்னேன்.

"ஏங்க. லைன்ல இருக்கீங்களா? கேக்குதா?"

கேக்குதுன்னேன். ஒரு வகையில பாத்தா தப்பு அவளோடதுதான். காதுல கேட்டதை வச்சுப் புள்ளி வைக்கலாமா? மீட்டரைப் பாக்க வேண்டாமா? நான் அவ்வளவு தத்ரூபமாச் செஞ்சுட்டேன், அதுவும் ஒரு காரணம்.

அதுக்குள்ள மேனேஜர் வந்துட்டாரு. "என்ன ப்ராப்ளம்? இங்க மட்டும் ஏன் நிக்குது?" புஷ்பம் டேபைக் கையில வச்சுக்கிட்டு நிக்கா. அந்தப் பெட்டியை அப்பவே கழட்டியிருக்கலாம். கழட்டினா ஏன் கழட்டுதன்னு கேப்பாரு. ஏன் மாட்டினன்னு கேப்பாரு. அதுக்கு நான் என்ன பதில் சொல்ல முடியும், சொல்லுங்க. நான் சொன்னேன், "சிக்னல் ஃபுல்லா இருக்கு சார். டேபுக்குக் கை பழகணும்."

இங்கன நீங்க கவனிக்கணும் அண்ணாச்சி. கை பழகணும்னுதான் சொன்னேன். யாரு கைன்னு நான் சொல்லல.

மேனேஜர் அவளைப் பாத்தாரு. அவ ஏதோ சொல்ல வந்தா. 'மி'ங்க எழுத்துல மாட்டிக்கிட்டா. மிஷினுதான் நிக்குதுன்னு சொல்ல வந்திருப்பா. மேனேஜர் எடுத்துக் குடுக்காரு. "மிஸ்டேக்கா? மிஸ்டேக் ஆயிட்டு, ரைட்டா?" அவ தலையை ஆட்டி, இல்லைன்னுட்டு, முதல்ல இருந்து ஆரம்பிச்சா. அவ பழக்கம் அது. அடுத்தவங்க குடுக்கிற வார்த்தையை எடுக்க மாட்டா, திருப்பி முதல்ல இருந்து வருவா. திருப்பியும் 'மி'யில நின்னுச்சு. "சரி சரி, மிஸ்டேக்குதான், பரவால்ல. ஆடி முடியுத வரைக்கும் நீ கீழ பேக்கிங்ல இரு. இங்க வேகமான பிள்ளை வேணும், ரைட்டா?"

நான் டிரில்லிங் மிஷினைப் பையில வச்சு ஜிப்பை இழுத்துக்கிட்டு இருந்தேன். அந்த ஜிப்பு சமயத்துல மாட்டும்.

கழுகுமலை வந்துட்டா? ஆளு ஏறுதாங்க. அம்மா, பாத்து, பலகை. இங்கன ஒண்ணும் சாய்க்காதீங்க. பாத்தீங்களா, மூலை லேசா உதிந்துட்டு. பரவால்ல. மேல தூக்கி வச்சா கீழ இருந்து யாருக்கும் தெரியாது.

என்ன சொல்லிக்கிட்டு இருந்தேன்? ஆங், வேகமான பிள்ளை. புஷ்பத்தைக் கீழ அனுப்பிட்டு அங்கன வேற ஒருத்தியைப் போட்டாங்க. டேபு அவளுக்கும் நின்னுச்சு. நிக்காம என்ன செய்யும். மேனேஜர் மறுபடி போன். குரலுல 'ரைட்டா'வே இல்ல, அப்பிடிக் கோவம். இந்தத் தடவை சக்தி நானும் வாரேன்னுட்டா. "என் புள்ளி தப்பாப் போகாது. நானே பாக்கேன்."

அவ ஆபீஸ் ரூம்ல உக்காந்தா. நான் நடந்தேன். பிள்ளைக வந்து சுத்தி நின்னாளுக, அண்ணே குரலு செய்யுங்கண்ணேன்னு. இன்னைக்கு வேண்டாம்மான்னு சும்மா எண்ணிக்கிட்டே போனேன். பட்டு கவுண்டருக்கு வந்தேன்.

சக்தி சொல்லுதா, "நல்லா கேக்குதே. அன்னைக்கு மட்டும் ஏன் நின்னுச்சு? அன்னைக்கு யாரு குரல்ல பேசினீக?"

"மறந்துட்டு."

"நீங்களா மறந்தீக? சரி, பக்கத்துல இருக்கிற யாருகிட்டயாவது போனைக் குடுங்க. ஒருவேளை உங்க போன்ல கோளாறா இருக்கும்."

என் நேரம் அண்ணாச்சி. அன்னைக்குன்னு பேக்கிங் அட்டைகளை எடுத்துக் குடுக்க புஷ்பம் மேல வந்திருக்கா. அட்டையை இறக்கி வச்சுட்டு நேரா எங்கிட்ட வந்து கையை நீட்டினா. நான் காதுல இருந்து ஒயரை உருவினேன். உருவினதும் போன் ஸ்பீக்கருக்கு மாறிட்டு.

போனை வாங்கிட்டு நின்னா. பேசல. சக்தி அங்கன இருந்து, "ஹலோ, கேக்குதா? ஹலோ?" எனக்கு அவளைப் பாக்க ஒரு மாதிரி ஆயிட்டு, சரி நாமளே வாங்கிக்கிடுவோம்னு கையைக் கொண்டு போனேன்.

பேசினா அண்ணாச்சி. என் குரல்ல பேசினா.

"சக்தி, கேக்குதா? இப்ப பட்டு செக்‌ஷன்ல நிக்கேன். இது காஞ்சிபுரம், இது ஆரணி, இந்தப் பக்கம் கண்ணாடி, கண்ணாடி சிக்னலைத் தின்னும், தின்னுட்டு ஏப்பம் விடும். துணி மட்டும்தான் பாவம், ஒண்ணும் செய்யாது." ஒரு எழுத்து நிக்கல. ஓடுத தண்ணி மாதிரி. நான் பேசும்போது இடது கையால பெல்டைத் தூக்கி விடுவேனாம், எனக்கே தெரியாது, அதைச் செய்யுதா. "இப்ப பாரு சக்தி, இங்கன ஒருத்தி இருக்கா. பேச வராது. அவ எப்பிடிப் பேசுவான்னு கேளு. சிரிப்பா இருக்கும்." பிறகு, நான் அன்னைக்கு அவளைச் செஞ்சேம்லா, அதைச் செஞ்சா. அவளை இல்ல. அவளைச் செய்யுத என்னை. கண்ணை எங்க மூடினேன், கழுத்தை எப்பிடி இழுத்தேன், நடுவுல யாரு சிரிக்காங்கன்னு ஓரக்கண்ணால எப்பிடிப் பாத்தேன், அத்தனையும்.

முடிச்சுட்டு, ஒரு நிமிசம் விட்டா. சரியா விட்டா. பிறகு,

"கை தட்டலாம், தப்பில்ல."

ஒருத்தியும் தட்டல.

நான் குறை சொல்லணும்னு சொல்லல. என் குரலு அவ்வளவு மூக்கால வராது. கேளுங்க, இப்ப மூக்கால வருதா? பெல்டு விசயத்தையும் கொஞ்சம் கூட்டித்தான் செஞ்சா. ஆனா அந்தக் கடைசி இடம். எத்தனை கொடையில மைக்கைப் பிடிச்சிருக்கேன், அந்த ஒரு நிமிசத்தை அவ்வளவு சரியா நான் விட்டது இல்ல.

திக்குத ஆளுக அடுத்தவங்க குரல்ல பேசினா திக்காதாம். பிறகு ஒருத்தரு சொன்னாரு. எனக்கு அப்ப தெரியாது.

போன்ல ஒரு சத்தமும் இல்ல. சிக்னலு போயிட்டுன்னு நினைச்சேன். சத்தியமாச் சொல்லுதேன், போயிருக்கட்டும்னு வேண்டிக்கிட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சு சக்தி, "கேக்குது"ன்னா. வச்சுட்டா.

பிறகு அவளே மேல ஆபீஸ் ரூம்ல இருந்து கீழ இறங்கி வந்தா. என்னைத் தாண்டிப் போனா. புஷ்பத்துக்கு முன்னால போய் நின்னு, "உங்க பேரு என்னம்மா?"ன்னு கேட்டா. கேட்டுட்டு நின்னா. தங்கபுஷ்பம்னு சொல்ல அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு நேரமாகும்னு எனக்குத் தெரியும் அண்ணாச்சி. நான் அதைச் செஞ்சிருக்கேன்லா. எங்க மாட்டும்னு தெரியும். சக்தி எடுத்துக் குடுக்கல. முகத்தை அங்கிட்டு இங்கிட்டுத் திருப்பல. அது முழுசா வர்ற வரைக்கும் நின்னு, "நல்ல பேரு"ன்னா.

புஷ்பம் சிரிச்சான்னு சொன்னேம்லா, அந்த முதல் நாளு. சிரிச்ச மாதிரிதான் இருந்துச்சு. நான் ஒழுங்காப் பாக்கல.

அன்னைக்கே அந்தப் பெட்டி ஒயரை சக்தி ஆபீஸ் ரூம்ல உருவி விட்டுட்டா. பில்லு ஓட ஆரம்பிச்சுட்டு. இப்பத்தான் வேடிக்கை. மேனேஜர் என்ன சொல்லுதாரு? "குற்றாலிங்கம், நீ சொன்னது கரெக்டு. புதுப் பிள்ளைக்குக் கை பழகிட்டு, ரைட்டா? ஆளை மாத்தினதுதான் சரி." எனக்கு டீ வாங்கிக் குடுத்தாரு. குடிச்சேன்.

வீட்டுக்கு வந்ததுல இருந்து சக்தி எங்கிட்ட ஒரே வார்த்தைதான். சோறு வைக்கியாம்மான்னா, கேக்குது. ஏட்டி, கோவமான்னா, கேக்குது. நான் அவ அக்கா புருசன் மாதிரி பேசினேன், அதுக்கு எப்பவும் சிரிப்பா. கேக்குதுன்னுட்டு அடுக்களைக்குள்ள போயிட்டா.

நான் ஒரு யோசனை சொன்னேன். நாளைக்குக் காலையில போய் சத்தமில்லாம பெட்டியைக் கழட்டி, புதுப் பலகையைப் போட்டுட்டா அங்கன ஓட்டை இருந்த அடையாளமே இருக்காதுன்னு. அப்பத்தான் முழுசா ஒரு பேச்சு பேசினா.

"ஓட்டை மூடிரும். அவ கீழதானே இருப்பா?"

ஆடி பிறக்கப் போகுது. கல்யாண வீட்டு ஆளுக வந்து புஷ்பம் எங்கன்னு கேப்பாங்க, இல்லைம்பாங்க, வேற ஆளுகிட்ட எடுத்துட்டுப் போவாங்க. ஒரு ஆடிக்கு மறந்துட்டா அடுத்த ஆடிக்கு யாரு கேப்பா? பிறகு அவளுக்குப் பேக்கிங்தான். இதெல்லாம் சக்தி சொல்லல. ராத்திரி நானா நினைச்சுப் பாத்தது.

நீயே மேனேஜர்கிட்டச் சொல்லிரேன்னு சக்திகிட்டக் கேட்டேன். "புள்ளி வச்சது நான். அதை நான் எங்க வேணும்னாலும் சொல்லுதேன். மத்ததை நீங்க சொல்லுங்க. உங்க குரல்ல சொல்லுங்க."

நேத்து ஒண்ணு செஞ்சேன். சிரிக்காதீங்க. மெட்ராஸ் கம்பெனி இன்ஜினியர் மாதிரி மேனேஜருக்கு போன் பண்ணி, எங்க பெட்டியிலதான் டெக்னிக்கல் ஃபால்ட்டு, உங்க ஸ்டாஃப் மேல தப்பில்லைன்னு சொல்லிரலாம்னு பாத்தேன். ரெண்டு வரி இங்கிலீஷு வேற சேத்து வச்சிருந்தேன். மொட்டை மாடியில போய் நின்னு டயலும் பண்ணிட்டேன். "ஹலோ, மிஸ்டர் துரைசிங்கம்"னு ஆரம்பிக்கேன், கீழ அடுக்களை ஜன்னல்ல இருந்து சத்தம் வருது.

"கேக்குது."

வச்சுட்டேன்.

அதான் இன்னைக்குப் போறேன். பெட்டியைக் கழட்டணும், பலகையைப் போடணும், அவருகிட்டச் சொல்லணும். கழட்டுதது கால் மணி நேரம். பலகை அஞ்சு நிமிசம். சொல்லுதது ஒரே ஒரு வரி. போன்ல சக்தி லைன்ல இருப்பேன்னுட்டா.

பஸ் ஸ்டாண்டு வர இன்னும் கொஞ்சம் இருக்குல்லா? ஒரு உதவி செய்யுங்க அண்ணாச்சி. நீங்கதான் மேனேஜர்னு வச்சுக்கிடுதேன். ஒரு தடவை சொல்லிப் பாத்துக்கிடுதேன். நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம், கேட்டாப் போதும்.

பல்லுவலிக்கார போலீஸா இருந்தா இந்நேரம் சொல்லியிருப்பேன். பாருங்க, 'யோவ் மேனேஜர், அந்தப் பிள்ளை மாதிரி பேசிக் காட்டினது இந்தப் பயதான்யா, அந்தச் சத்தத்தை சிக்னலு நிக்குதுன்னு நினைச்சு இவன் பொண்டாட்டி புள்ளி வச்சுட்டாய்யா, கை பழகலைன்னு இவன் சொன்னது பூரா பொய்யுய்யா, புஷ்பத்தை மேல அனுப்புய்யா.' வந்துட்டுல்லா? தடங்கலே இல்ல. சித்தப்பா குரல்லயும் வரும். உங்க குரல்லயே வரும், நீங்க ஏறும்போது 'கொஞ்சம் தள்ளுங்க'ன்னீகல்லா, அதுவே போதும் எனக்கு.

சரி. இப்ப என் குரல்ல.

சார்.

சார், அன்னைக்கு நான்.

நா, நான் வந்து சார். அந்தப் புஷ்பம். அன்னைக்கு டெஸ்டு பண்ணும்போது நா, நான் அந்தப் பிள்ளை மா, மா...

இல்ல அண்ணாச்சி. நீங்க சொல்லாதீங்க. எனக்கு என்ன வார்த்தைன்னு தெரியும். எடுத்துக் குடுக்காதீங்க. நான் முதல்ல இருந்து வாரேன். இந்தப் பலகையை மட்டும் ஒரு நிமிசம் பிடிச்சுக்கிடுங்க, இன்னொரு மூலையும் போயிரும்.

சார். நா...

இருங்க. இறங்குததுக்குள்ள முடிச்சுருவேன்.

சார், நான்.

கேக்குதா?